இரண்டாம் வரிசையில் ஆறு நாற்காலிகள்

மலேசியாவின் ஈப்போவிலிருந்து கிளம்பும்போது எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அரியலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கல்யாணம் நடந்தது உண்மைதான் என்று ஒரு காகிதம் வாங்கி வர வேண்டும். அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் காகிதம் இல்லாமல் அவருடைய பென்ஷன் அம்மாவுக்குக் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவால் கப்பலோ விமானமோ ஏற முடியாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு லீவு சேர்ந்து கிடந்தது. அப்படித்தான் முப்பத்தாறு வயதில் முதல் தடவையாக இந்தியாவுக்கு வந்தேன்.

பொங்கல் முடிந்த வாரம். அரியலூர் ஸ்டேஷனில் காலையில் இறங்கியபோது பனி இன்னும் விலகவில்லை. பிளாட்பாரத்தில் ஒருவன் என் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சித்தப்பா மகன் கோவிந்தராசு. என்னைவிட ஆறு வயது இளையவன். வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன்; சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் இருந்தது. இத்தனை வருஷம் கடிதத்தில் மட்டுமே பழகியவர்கள் நாங்கள். "வாங்கக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல் என் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான்.

ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கடையில் இட்லி சாப்பிட்டோம். எங்கள் ஊரில் ரொட்டி சானாய்க்குத் தொட்டுக்கொள்ளத் துளியூண்டு குழம்பு வைப்பார்கள். இங்கே இட்லி மிதக்கும் அளவுக்கு சாம்பார் ஊற்றினார்கள். டீயில் ஆடை மிதந்தது. டின் பாலிலேயே வளர்ந்த எனக்கு முதல் வாய் பிடிக்கவில்லை, மூன்றாவது வாய் பிடித்துப்போனது. கோவிந்தராசு தன் டம்ளரைத் தொடாமல் நான் குடித்து முடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

பஸ்ஸில் பாதிப் பேர் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள். ஒருவர் காணிக்கை நெல் மூட்டையை என் காலடியில் இறக்கிவிட்டு, "கொஞ்சம் பாத்துக்கம்மா" என்று உரிமையோடு சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். சிமெண்டுக்குக் கல் ஏற்றும் லாரிகள் எதிரே வந்துகொண்டே இருந்தன. சாலையோரப் புளியமரங்கள் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு நின்றன.

இறங்கி ஊருக்குள் நடந்தோம். மாடி வைத்த பெரிய வீடு ஒன்றைத் தாண்டினோம். கடைத்தெருவைத் தாண்டினோம். பிறகு ஓர் ஓடையையும் தாண்டினோம்.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்றேன்.

"நம்ம தெரு கொஞ்சம் தள்ளி இருக்குங்க்கா" என்றான்.

ஏன் தள்ளி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்தவளுக்குக் குடியிருப்பு தள்ளி இருப்பது புதிதில்லை.

சின்னம்மா, அதாவது கோவிந்தராசின் அம்மா, வாசலில் நின்றிருந்தார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்பாவாட்டமே இருக்கு" என்று மட்டும் சொன்னார். வாழ்நாள் முழுவதும் வயல் வேலைக்குப் போன கை, கன்னத்தில் உரசியது. கோவிந்தராசின் மனைவி மலர்க்கொடி கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். மூத்தவள் ஜோதிக்குப் பத்து வயது, சின்னவள் சுமதிக்கு ஆறு. சாப்பிட்டு முடிப்பதற்குள் ஜோதி என் மடியில் ஒரு கை நிறையக் கற்களைக் கொட்டினாள். எல்லாம் சிப்பி வடிவம். "இங்க முன்னாடி கடலு இருந்துச்சாம் அத்தை, டீச்சர் சொன்னாங்க" என்றாள். மலேசியாவில் கடல் இப்போதும் இருக்கிறது என்று சொன்னேன். அதற்கு அவளிடம் பெரிய மரியாதை கிடைக்கவில்லை.

அடுத்த நாள் என் வேலையைத் தொடங்கினேன். பரம்பரையாக ஊர்க் கணக்கு எழுதிய கர்ணங்கள் போய்ப் புதிதாகக் கிராம அதிகாரிகள் வந்திருந்த சமயம் அது. பழைய ஏடுகளில் எது யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனாலும் அரியலூர் ஆபீஸில் இருந்த கிளார்க் தன்மையான மனிதர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "ஊர்ல ரெண்டு பெரியவங்க கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அதிகாரி திங்கக்கிழமைதான் கேம்ப்லேர்ந்து வருவாரு. அவரு வந்ததும் முடிச்சிடுவோம்" என்றார். அன்று செவ்வாய். ஆறு நாள் கையில் கிடைத்துவிட்டது.

வீடு திரும்பியபோது மைக் கட்டிய வேன் ஒன்று ஊருக்குள் நோட்டீஸ் வீசிக்கொண்டு போனது. ஓடை வரைக்கும் வந்து திரும்பிவிட்டது. ஜோதி ஓடைப் பாலத்துக்கு ஓடி மூன்று நோட்டீஸ் பொறுக்கி வந்தாள். மஞ்சள் காகிதத்தில் யானை, சைக்கிள் ஓட்டும் கரடி, அந்தரத்தில் தொங்கும் பெண்கள். பெரம்பலூரில் சர்க்கஸ். ஜோதி எதுவும் கேட்கவில்லை. நோட்டீஸை என் கண்ணில் படும்படி சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டினாள், அவ்வளவுதான்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் போவோம். வாசலில் டிக்கெட் எடுத்துக்கலாம்" என்றேன்.

பிள்ளைகள் குதித்தார்கள். கோவிந்தராசு மட்டும், "வாசல்ல வேணாங்க்கா. அரியலூர்லயே ஒரு கடையில முன்கூட்டியே குடுக்கறாங்க. நாளைக்கே எடுத்துடுவோம்" என்றான்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கள் ஊரில் ராட்டினமும் ஆட்டமுமாக ஃபன்ஃபேர் வந்தால், வேலை முடிந்து அப்படியே போய், வாசலில் டிக்கெட் எடுத்து உள்ளே போவோம். மழை வந்தால் திரும்பிவிடுவோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இன்னொரு நாள். முன்னாலேயே வாங்கி வைத்தால் அந்தத் தேதிக்கு நாம் அடிமை. இதையெல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும், "ஆமாங்க்கா, நீங்க சொல்றது சரிதான்" என்றான். கடைசியில், "நம்பர் போட்ட டிக்கெட்டா எடுத்துடுவோம்" என்று தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றான். பிடிவாதக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அந்தக் கடைக்குப் போனோம். கடிகாரம் பழுது பார்க்கும் சின்னக் கடை. ஒரு கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு பாய் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சுவரில் இருந்த இருபது கடிகாரமும் இருபது நேரம் காட்டின. சர்க்கஸ்காரர்கள் அவரிடம் ஒரு டிக்கெட் புத்தகமும் நாற்காலிகளின் வரைபடமும் கொடுத்து வைத்திருந்தார்கள்.

"கேலரியா, சேரா?" என்றார்.

"சேருங்க. ஆறு. ஞாயித்துக்கிழமை நாலு மணி ஆட்டம்."

"பின்னாடி நிறைய கெடக்கு."

"முன்னாடிதான் வேணுங்க பாய். வரிசை நம்பர், சேர் நம்பர் ரெண்டும் எழுதிடுங்க. சீலும் வேணும்."

பாய் லென்ஸைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். எந்த ஊர், என்ன வேலை என்று ஒன்றும் கேட்கவில்லை. மைப் பேனாவில் நிதானமாக எழுதினார். இரண்டாவது வரிசை, பதினொன்று முதல் பதினாறு வரை. வரைபடத்தில் அந்த ஆறு கட்டங்களையும் சிவப்பு மையால் அடித்தார். ஒவ்வொரு டிக்கெட்டிலும் சீலை இரண்டு தடவை அழுத்திக் குத்தினார்.

"இதுக்கு மேல ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது தம்பி. இன்ஷா அல்லா, நல்லபடியாப் பாத்துட்டு வாங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தேதி மாத்த முடியாதும்மா, அத மட்டும் தெரிஞ்சுக்குங்க" என்றார். நான் கோவிந்தராசைப் பார்த்தேன், நான் சொன்னேனே என்பது போல. அவன் டிக்கெட்டுகளை பிளாஸ்டிக் உறையில் போட்டு சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை மலர்க்கொடியும் நானும் கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தோம். கோவிந்தராசு வேலைக்குப் போயிருந்தான். பேச்சுவாக்கில், "உன் வீட்டுக்காரர் ரொம்பக் கறார் பேர்வழி. வாசலில் எடுத்தால் என்ன ஆகிவிடும்?" என்றேன்.

அவள் கை நின்றது. "உங்ககிட்ட சொல்லலியா அண்ணி?"

"எதை?"

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு பொருட்காட்சி வந்துச்சு. உள்ள மேடை போட்டு டான்ஸு, மேஜிக்கு எல்லாம். ஜோதிக்கு அப்ப எட்டு வயசு. சின்னவள அத்தைகிட்ட விட்டுட்டு, இவளுக்குப் புதுச் சட்டை போட்டுக் கூட்டிட்டுப் போனோம். இவரு வாசல்ல நின்னு சேர் டிக்கெட்டு கேட்டாரு. கையில காசு இருந்துச்சு. டிக்கெட் குடுக்கறவன் எங்க மூணு பேரையும் ஏற இறங்கப் பாத்தான். எந்த ஊருன்னான். சொன்னாரு. எந்தத் தெருவுன்னான்."

அவள் ஒரு கருவாட்டை எடுத்துத் தலையைக் கிள்ளிப் போட்டாள்.

"அதையும் சொன்னாரு. சேர் முடிஞ்சுபோச்சு, தரை டிக்கெட்டுதான் இருக்குன்னுட்டான். சரின்னு வாங்கிட்டுப் போயி தரையில உக்காந்தோம். திரும்பிப் பாத்தா பின்னாடி பாதிச் சேர் சும்மா கெடக்கு. ஜோதி கேக்கறா, அந்தச் சேரெல்லாம் யாருக்குப்பான்னு. இவரு பதிலே சொல்லல. அதுலேர்ந்து வாசல்ல போயி நின்னு எதையும் கேக்க மாட்டாரு. மூஞ்சியப் பாக்காத எடத்துல எடுத்துக்கலாம்பாரு."

நான் கருவாட்டை ஆய்ந்துகொண்டே இருந்தேன். செவ்வாய்க்கிழமை நான் அவனுக்கு எடுத்துச் சொன்ன நியாயங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மழை, காய்ச்சல், தேதிக்கு அடிமை. ஈப்போ ஃபன்ஃபேர் வாசலில் டிக்கெட் கொடுக்கும் சீனக் கிழவர் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. அதை நான் ஒரு வசதி என்று நினைத்ததும் இல்லை. அப்பா இந்த ஊரைப் பற்றி மழை, கோயில், மீன் எல்லாம் பேசியிருக்கிறார். ஓடையைப் பற்றி மட்டும் ஒரு நாளும் பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கே கிளம்பினோம். சின்னம்மா முதலில் வரமாட்டேன் என்றார். சர்க்கஸில் பெண்கள் சின்னக் கால்சட்டை போட்டுக்கொண்டு ஆடுவார்களாமே என்றார். ஆறு நாற்காலிக்கு நம்பர் எழுதியாகிவிட்டது என்று ஜோதி சொன்னதும் புடவை மாற்றப் போனார்.

அரியலூரில் பெரம்பலூர் பஸ் பிடித்துப் பாதி தூரம்கூடப் போகவில்லை, டயர் வெடித்தது. மாற்று டயரை இறக்கினார்கள். அதிலும் காற்று இல்லை. கண்டக்டர் யாரையோ சைக்கிளில் அனுப்பிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். பின்னால் வந்த பஸ் நிற்காமல் போனது, படியில் தொங்கியவர்கள் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். மணி மூன்றைத் தாண்டியது. கோவிந்தராசு பையில் இருந்த உறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சாலையின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நடந்தான். வாசலில் எடுப்பதாக இருந்தால் ஏழு மணி ஆட்டத்துக்குப் போயிருக்கலாம். அது என் வாய் வரைக்கும் வந்தது. நல்லவேளை, வெளியே வரவில்லை.

கடைசியில் எறையூர் மில்லுக்குப் போகும் கரும்பு லாரி ஒன்று நின்றது. டிரைவர் தாடிக்காரர். "பொம்பளைங்க பசங்க முன்னாடி ஏறுங்க. ஆம்பள மேல ஏறிக்க" என்றார். கிளீனரும் கோவிந்தராசும் கரும்புக் கட்டின் மேல் ஏறினார்கள். எங்கள் ஐந்து பேரையும் முன்னால் எப்படி அடைத்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கியர் போடும்போதெல்லாம் சுமதி காலைத் தூக்க வேண்டியிருந்தது. எஞ்சின் சூடு, வெல்ல வாசனை, டீசல் வாசனை. டிரைவர் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கரும்புத் துண்டு கொடுத்தார்.

"சர்க்கஸுக்கு இம்மாம் அவசரமா? அடுத்த ஆட்டம் பாக்கறது" என்றார்.

"எங்களுக்கு சேர் நம்பர் இருக்கு மாமா" என்றாள் ஜோதி.

அவர் வழியை விட்டு விலகி, சர்க்கஸ் மைதானத்தின் ஓரத்திலேயே கொண்டுவந்து இறக்கினார். கோவிந்தராசு மேலிருந்து குதித்தபோது தலையெல்லாம் கரும்புச் சோகை. மலர்க்கொடி முந்தானையால் தட்டிவிட்டாள். வாசலில் யாரோ மூன்று பேர் நிதானமாக சேர் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. நாங்கள் அவர்களைத் தாண்டி, டிக்கெட்டைக் காட்டி உள்ளே போனோம். ஆட்டம் தொடங்கி அரை மணி ஆகியிருந்தது.

இரண்டாவது வரிசையில் எங்கள் ஆறு நாற்காலியிலும் ஆட்கள் இருந்தார்கள். சின்னம்மா அவர்களைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். எங்கள் ஊர் மெத்தை வீட்டுக்காரர்கள். முதல் நாள் நான் தாண்டி வந்த அந்த மாடி வீடு. பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். அந்த வீட்டு நிலத்தில்தான் சின்னம்மா இத்தனை வருஷமும் நாற்று நட்டதும் களை எடுத்ததும். அந்த வீட்டுக்கு வயரிங் செய்தது கோவிந்தராசு.

டார்ச் வைத்திருந்த ஆள் எங்களை மறித்தான். "முன்னாடி நெறஞ்சிடுச்சு. கேலரில ஏறிக்குங்க."

"எங்களுது நம்பர் டிக்கெட்டுங்க. ரெண்டாவது வரிசை, பதினொண்ணுலேர்ந்து பதினாறு" என்றான் கோவிந்தராசு.

"அரை மணியா காலியா கெடந்துச்சு. வாசல்ல சேர் டிக்கெட் எடுத்தவங்க பின்னாடி இருந்தாங்க, முன்னாடி வந்துட்டாங்க. இப்பப் போயி எழுப்புனா நல்லாருக்குமா?"

பெரியவர் திரும்பிப் பார்த்தார். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. "யாரு, கோவிந்தராசா? குடும்பத்தோட வந்தியா? மேல போயி உக்காருப்பா, அங்கேருந்து இன்னும் நல்லாத் தெரியும்."

"இது எங்க நம்பருங்கய்யா" என்றான் கோவிந்தராசு. குரல் தணிவாகத்தான் இருந்தது. ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

டார்ச் வெளிச்சம் என் மேல் விழுந்தது. என் கைக்கடிகாரத்திலும் செருப்பிலும் கொஞ்சம் நின்றது. "நீங்க வெளிநாடுங்களா? உங்களுக்கு மட்டும் முன் வரிசையில ஒரு சேர் போடச் சொல்றேம்மா. வாங்க" என்றான். அவன் அதை மரியாதையாகத்தான் சொன்னான்.

"நான் இவனுக்கு அக்கா. ஆறு பேரும் ஒன்றாகத்தான் வந்தோம்" என்றேன்.

பின்னாலிருந்து, "உக்காருங்கய்யா, மறைக்குது" என்று சத்தம் வந்தது. சின்னம்மா மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ராசு, மேல போயிடுவோம்டா. எங்க உக்காந்தா என்ன?"

"இரும்மா" என்றான், திரும்பாமல். ஜோதி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். ஒல்லியான மலையாளி. டிக்கெட்டுகளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நம்பரைப் பார்த்தார், சீலைப் பார்த்தார். பிறகு டார்ச் ஆளிடம் மலையாளத்தில் நாலு வார்த்தை பேசினார். எக்ஸ்சேஞ்சில் என் பக்கத்து நாற்காலி மலையாளிப் பெண் என்பதால் எனக்குப் புரிந்தது. "எழுதிக் கொடுத்த நாற்காலியை நாமே இல்லை என்று சொன்னால், நாளைக்கு எந்த ஊரில் எவன் நம்மிடம் டிக்கெட் வாங்குவான்? எழுப்பு" என்றார். அவர் எங்கள் முகத்தைப் பார்த்தாரா என்றே எனக்குத் தெரியவில்லை. பெரியவரிடம் திரும்பித் தமிழில், "சாரே, உங்க டிக்கெட்டில் நம்பர் இல்லை. பின்னால் நல்ல சேர் இருக்கு. வரணும்" என்றார்.

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மகனும் மருமகளும் பிள்ளைகளும் எழுந்தார்கள். அவர் மனைவியால் மட்டும் எழ முடியவில்லை. அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வலது காலில் பெரிய கட்டு. நாற்காலியின் கால்கள் மணலில் புதைந்திருந்தன. இரண்டு தடவை முயன்றுவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க இருங்கம்மா" என்றான் கோவிந்தராசு. "சுமதி எம் மடியில உக்காந்துக்கும்."

அவன் அப்படிச் சொல்வான் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. பெரியவர் மற்றவர்களை அழைத்துக்கொண்டு பின்னால் போனார்.

அந்த அம்மாள் கடைசி நாற்காலி. அதற்கு அடுத்தது சின்னம்மாவுக்கு வந்தது. சின்னம்மா உட்காராமல் நின்றார். ஜோதி கையைப் பிடித்து இழுத்த பிறகு, நாற்காலியின் விளிம்பில், எந்த நேரமும் எழத் தயாராக இருப்பவர் போல உட்கார்ந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நேரே வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கரடி சைக்கிள் ஓட்டியது, நோட்டீஸில் இருந்ததைவிட மெதுவாக. யானை மணி அடித்து சாமி கும்பிட்டது. கோமாளி ஒருவன் தண்ணீர் என்று பயமுறுத்தி வெறும் காகிதத் துண்டுகளை எங்கள் வரிசையில் கொட்டினான். சுமதி அப்பாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த அம்மாளின் மடியில் விழுந்த காகிதத் துண்டுகளைச் சின்னம்மா, பழக்கமோ என்னவோ, தட்டிவிடக் கையை நீட்டினார். பிறகு கையை மடக்கிக்கொண்டார்.

கடைசியில் அந்தர ஊஞ்சல். கூடாரத்தின் உச்சியில் ஒரு பெண் ஊஞ்சலை விட்டு எதிரே தொங்கியவனின் கையைப் பிடிக்கப் பாய்ந்தாள். பிடி தவறியது. கூட்டம் மொத்தமும் மூச்சை இழுத்தது. அவள் தலைகீழாக விழுந்து வலையில் குதித்து எழும்பினாள்.

அந்த அம்மாள் சின்னம்மாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் ஆவலங்க" என்றார் சின்னம்மா. "வலை இருக்குல்ல. கண்ணத் தொறங்க, எழுந்துட்டா பாருங்க."

வலையில் விழுந்தவள் கயிற்று ஏணியில் மறுபடி ஏறினாள். மறுபடி பாய்ந்தாள். இந்தத் தடவை கை அகப்பட்டது. அது வரைக்கும் அந்த அம்மாள் கையை எடுக்கவில்லை. சின்னம்மாவும் எடுக்கச் சொல்லவில்லை. எப்போது என்று நான் கவனிக்கவில்லை, பார்த்தபோது சின்னம்மா நாற்காலியில் முழுக்கச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் முடிந்து அந்த அம்மாளை எழுப்பிவிட்டது சின்னம்மாதான். மகன் வந்து தாங்கிக்கொள்ளும் வரை பிடித்திருந்தார். போகும்போது அந்த அம்மாள் திரும்பி, எப்போதும் கேட்கும் குரலில் கேட்டார்: "நாளைக்குக் கடலைக்குக் களை வெட்டணும். ஆளு பத்தல. வரியா?"

"நாளைக்கு ஆவாதுங்க" என்றார் சின்னம்மா. "எம் மவ மலேசியாவுலேர்ந்து வந்திருக்கா. அவ இருக்கற வரைக்கும் வரமாட்டேங்க."

அந்த அம்மாள் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "சரி, மவளப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பரோட்டா சாப்பிட்டோம். கோவிந்தராசு நாலு பரோட்டா சாப்பிட்டான், மலர்க்கொடி தன் தட்டிலிருந்து ஐந்தாவதை எடுத்து வைத்தாள். என் கையால் அவன் தலையில் ஒட்டியிருந்த கடைசிச் சோகையை எடுத்துப் போட்டேன். "முன்னால் எடுத்தது நல்லதாகப் போயிற்று" என்றேன். "ஆமாங்க்கா" என்றான்.

திங்கட்கிழமை அதிகாரி வந்திருந்தார். தெருப் பெரியவர்கள் இரண்டு பேரிடம் வாங்கிய கையெழுத்தைக் கொடுத்தேன்; கிளார்க் சொன்னபடியே அதிகாரியின் கையெழுத்தை வாங்கித் தந்தார். அம்மாவின் பெயரும் அப்பாவின் பெயரும் ஒரே வரியில் இருந்தன. காகிதத்தை நாலாக மடிக்க மனம் வராமல் நோட்டுப் புத்தகத்தின் நடுவில் வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் திரும்பியபோது சின்னம்மா தெருக்குழாயடியில் நின்றிருந்தார். ஏழெட்டுப் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னம்மா இரண்டு கையையும் தூக்கி ஊஞ்சல் ஆடிக் காட்டினார். விழுந்து காட்டினார். "அம்மாம் ஒசரத்துலேர்ந்து விழுந்தவ, தூசியக்கூடத் தட்டல, திரும்பி ஏறிட்டா" என்றார். கரடி, யானை, கோமாளி, வழியில் ஏறிய கரும்பு லாரி, எல்லாம் வந்தது.

மலர்க்கொடி என் பக்கத்தில் நின்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்ததும், "அத்தை, இம்புட்டும் சொன்னீங்க. நாம ரெண்டாவது வரிசையில சேர்ல உக்காந்தத சொல்லலியே?" என்றாள்.

சின்னம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"டிக்கெட்டு எடுத்தோம், உக்காந்தோம். அதுல போயி சொல்ல என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.